மூன்றாவது சக்கரம் போட்ட பிறகு: நான்கு வருட சைடுகார் அனுபவம்

அப்பாவுக்கு வலது முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. ஒரு நாள் காலை, பைக்கின் பின் சீட்டில் ஏறிப் பார்க்கிறேன் என்றார். என் தோளைப் பிடித்துக்கொண்டு இடது காலை ஊன்றி வலது காலைத் தூக்கினார். கால் சீட்டு உயரம்கூட வரவில்லை. தோளில் இருந்த கை மட்டும் இறுகிக்கொண்டே போனது. "விடும்மா, கார்லயே போயிக்கலாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். எனக்கு கிளட்ச் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவர் அவர். அன்று ராத்திரியே சைடுகார் தேட ஆரம்பித்தேன்: பைக்கின் பக்கவாட்டில் மாட்டுகிற, ஒற்றைச் சக்கரம் வைத்த, ஆள் உட்காரும் பெட்டி.

இப்போது நான்கு வருடம், 31,000 கிலோமீட்டர் ஆகிவிட்டது. வண்டி 500 சிசி, ஒற்றை சிலிண்டர். பெட்டியையும் சேஸையும் செய்து கொடுத்தது ஒரு சிறு பட்டறை. இரும்புக் குழாய் சேஸ், ஃபைபர் பெட்டி, தனி ஷாக் அப்சார்பர், ஒருவர் உட்காரும் சீட், பின்னால் பூட்டு வைத்த டிக்கி. மொத்தம் 90 கிலோ. சாலையின் இடப்பக்கம் ஓட்டுகிறவர்களுக்குப் பெட்டி இடதுபுறம் வரும், வலப்பக்கம் ஓட்டுகிறவர்களுக்கு வலதுபுறம். என்னுடையது இடதுபுறம். கீழே இடது, வலது என்று நான் எழுதுவதை வலப்பக்கம் ஓட்டுகிறவர்கள் மாற்றி வாசித்துக்கொள்ள வேண்டும்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காசு கொடுப்பது பெட்டிக்கு. ஆனால் வண்டி ஓடுவது அதை மாட்டின விதத்தில்தான். என் பெட்டிக்குத் தாராளமாகப் பத்துக்கு எட்டு கொடுப்பேன். முதல் தடவை மாட்டிக் கொடுத்த வேலைக்கு ஒரு மார்க்கும் கிடையாது. சரியாக மாட்டிய பிறகு, நான் இதுவரை வாங்கிய பொருட்களில் இதைப் போல மனதுக்கு நிறைவு தந்தது வேறு எதுவும் இல்லை.

முதலில் பெட்டி. சீட்டு தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்குக் கொஞ்சம் கீழே இருக்கிறது. இடப்பக்கம் சின்னக் கதவு. அப்பா கதவுக்கு முதுகைக் காட்டி நின்று, பின்பக்கமாக உட்கார்ந்து, அப்புறம் ஒவ்வொரு காலாக உள்ளே எடுத்து வைத்துக்கொள்வார். நாற்காலியில் உட்காருவதைவிடக் கடினமான வேலை இல்லை. கதவில்லாத பெட்டிகள் பார்க்க அழகாக இருக்கும். மேலே கால் தூக்கி வைத்து உள்ளே இறங்க வேண்டும். முழங்கால் வலிக்காரர்களுக்கு வாங்குகிறவர்கள் கதவு இல்லாததைத் தொடவே வேண்டாம். உள்ளே காலை முழுக்க நீட்ட இடம் இருக்கிறது. வாங்கும்போது இது எனக்குத் தோன்றவில்லை, ஆனால் அப்பாவுக்கு இதுதான் பெரிய விஷயமாக இருந்தது. கார் சீட்டில் ஒரு மணி நேரம் காலை மடக்கி வைத்தால் வலி வந்துவிடும், இதில் வருவதில்லை.

மூக்கு கூம்பி, முதுகு வழித்துவிட்ட மாதிரி இருக்கும் வடிவம். ஜெர்மனியின் நூரம்பெர்க் நகரத்தில் ஸ்டைப் நிறுவனம் செய்த பெட்டிகளின் சாயல். அழகான சைடுகார் பெட்டி செய்யத் தெரிந்த கைகள் எங்கே போய்ச் சேர்ந்தன என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு: ஜாகுவார் கார். 1922-இல் வில்லியம் லயன்ஸும் வில்லியம் வாம்ஸ்லியும் இங்கிலாந்தின் பிளாக்பூலில் ஸ்வாலோ சைடுகார் கம்பெனி என்றுதான் அதைத் தொடங்கினார்கள். வாகன நிறுத்தத்தில் என் பெட்டியைத் தடவிப் பார்க்கிறவர்களிடம் இதைச் சொல்லாமல் நான் விடுவதே இல்லை.

பெட்டியில் குறை இரண்டு. கதவின் ரப்பர் பீடிங் இரண்டாம் வருடமே சுருங்கிவிட்டது, மழையில் கால் பக்கம் தண்ணீர் இறங்குகிறது. முன் கண்ணாடி நான்கு விரற்கடை உயரம் கூடுதலாக இருந்திருக்க வேண்டும். தாழ உட்காருகிறவருக்கு முன்னால் போகும் லாரியின் புகையும் தூசியும் நேராக முகத்துக்கு வரும். அப்பா முழுமுக ஹெல்மெட்டுக்கு மாறிய பிறகுதான் அந்தத் தொல்லை அடங்கியது.

இனி மாட்டின கதை.

பெட்டி வந்ததும் பக்கத்தில் இருந்த ஒரு இடத்தில் கொடுத்தேன். காலையில் விட்டேன், மதியம் "ரெடி" என்றார்கள். அளந்து பார்த்தீர்களா என்று கேட்கவே எனக்குத் தெரியாது. அங்கிருந்து கிளம்பி முப்பது கிலோமீட்டர் வேகம் வந்ததும் ஹேண்டில் இரண்டு பக்கமும் படபடவென்று அடிக்க ஆரம்பித்தது. இறுக்கிப் பிடித்தால் இன்னும் அடித்தது. ஐம்பதைத் தாண்டினால் அடிப்பது நிற்கும், ஆனால் வண்டி ஓயாமல் இடதுபக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும். வீடு வந்து சேர்ந்தபோது வலது தோளைத் தூக்க முடியவில்லை. இதுதான் சைடுகார் போலிருக்கிறது, பழகிவிடும் என்று நினைத்து இரண்டு மாதம் ஓட்டினேன். 2,000 கிலோமீட்டரில் முன் டயரின் ஒரு பக்கம் அரம் வைத்துத் தேய்த்த மாதிரி மொழுக்கென்று ஆகிவிட்டது. புது டயர் அது.

பிறகு ஒருவர் சொல்லி, இந்த வேலையை வருடக்கணக்காகச் செய்துவந்த ஒரு வயதான மெக்கானிக்கிடம் போனேன். வண்டியைச் சுற்றி ஒரு முறை நடந்தார். ஸ்பேனரைத் தொடவில்லை. "நீங்க ஏறி உக்காருங்கம்மா. பெட்டியில ஐயாவை உக்கார வைங்க" என்றார். அப்பாவையும் அழைத்துப் போயிருந்தேன். ஆள் உட்கார்ந்த நிலையில்தான் அளக்க வேண்டுமாம். ஆளில்லாத வண்டியின் அளவு ஆளேறியதும் மாறிவிடும்.

இரண்டு நேரான மரச்சட்டம் எடுத்துவந்தார். ஒன்றை பைக்கின் முன் சக்கரமும் பின் சக்கரமும் தொடும்படி தரையோடு ஒட்டி வைத்தார். இன்னொன்றை சைடுகார் சக்கரத்தோடு ஒட்டி வைத்தார். முன் சக்கரத்துக்கு முன்னால் இரண்டு சட்டத்துக்கும் நடுவே டேப் பிடித்தார், பிறகு பின் சக்கரத்துக்குப் பின்னால். இரண்டு அளவும் மில்லிமீட்டர் பிசகாமல் ஒன்றாக இருந்தன. "இணையா நிக்குது. அதான் இழுக்குது" என்றார். முன்னால் அளவு குறைவாக இருக்க வேண்டும், அதாவது சைடுகார் சக்கரம் பைக்கைப் பார்த்துக் கொஞ்சம் உள்ளே திரும்பியிருக்க வேண்டும். அதை டோ-இன் என்கிறார்கள். என் வண்டிக்கு அவர் வைத்தது 18 மில்லிமீட்டர். வண்டிக்கு வண்டி இது மாறும். அதிகமாக வைத்தால் டயர் தேயும், குறைவாக வைத்தால் பெட்டிப் பக்கம் இழுக்கும்.

அடுத்து பைக்கின் சாய்வு. பைக் செங்குத்தாக நிற்கக் கூடாது, பெட்டிக்கு எதிர்ப்பக்கம் ஒரு டிகிரி, ஒன்றரை டிகிரி வெளியே சாய்ந்திருக்க வேண்டும். சாலை நடுவில் உயர்ந்து ஓரத்துக்குச் சரிகிறது. பெட்டியின் எடையும் காற்றும் அதே பக்கம் இழுக்கின்றன. இரண்டையும் இந்தச் சாய்வுதான் சரிக்கட்டுகிறது. நான்கு இடத்தில் மாட்டுகிறோம்: கீழே இரண்டு, மேலே இரண்டு. கீழே இருப்பவை சுமை தாங்க, மேலே இருப்பவை சாய்வை வைக்க. என் வண்டியில் மேலே ஒன்றுதான் போட்டிருந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு அப்பாவைப் பார்த்து, "ஐயா, இதுலயா ரெண்டு மாசம் வந்தீங்க?" என்று கேட்டார்.

மூன்றாவது, சைடுகார் சக்கரம் பைக்கின் பின் சக்கரத்துக்கு எவ்வளவு முன்னால் நிற்கிறது என்பது. என்னுடையது 220 மில்லிமீட்டர். இது சேஸ் செய்யும்போதே முடிவாகிவிடுவதால் பட்டறைக்காரரிடம் முதலிலேயே கேட்க வேண்டிய கேள்வி. சக்கரம் முன்னால் தள்ளி நின்றால் வலது வளைவில் பெட்டியின் மூக்கு குத்தாது. ரொம்பத் தள்ளினால் ஹேண்டில் கனக்கும், டயர் தேயும்.

மூன்று நாள் வேலை. எடுத்துக்கொண்டு வந்தபோது அறுபதில் ஒரு கையை எடுத்துப் பார்த்தேன். நேராகப் போனது. ஹெல்மெட்டுக்குள் அழுதுவிட்டேன் என்று எழுத எனக்குக் கூச்சம் இல்லை.

ஓட்டுவதைப் பற்றி. பதினைந்து வருடம் பைக் ஓட்டியவள் நான், முதல் நாள் அதுவே எனக்கு எதிராக நின்றது. பைக்கில் வேகத்தில் போகும்போது இடது பக்கம் திரும்ப இடது ஹேண்டிலை லேசாக முன்னால் தள்ளுவோம், வண்டி சாயும், திரும்பும். யோசிக்காமலே கை அதைச் செய்யும். சைடுகார் சாயாது. எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் ஹேண்டிலைத் திருப்ப வேண்டும். பழைய பழக்கத்தில் தள்ளினால் வண்டி எதிர்த்திசையில் போகும். ஆள் நடமாட்டம் இல்லாத மைதானத்தில் பத்து மணி நேரமாவது சுற்றாமல் இதைச் சாலைக்கு எடுத்துவரவே கூடாது. இந்த ஒரு விஷயத்தில் நான் யாரிடமும் விட்டுக்கொடுத்துப் பேச மாட்டேன்.

ஆக்சிலேட்டரைத் திருகினால் பெட்டி பின்னால் தங்கப் பார்க்கும், வண்டி இடப்பக்கம் திரும்பும். விட்டால் பெட்டி முன்னால் ஓடப் பார்க்கும், வண்டி வலப்பக்கம் திரும்பும். ஆரம்பத்தில் இது எரிச்சலாக இருக்கும். ஒரு மாதம் கழித்து இதுவே கைக்கு உதவியாகிவிடும்: இடது வளைவில் கொஞ்சம் முறுக்கு, வலது வளைவில் கொஞ்சம் தளர்த்து.

காலிப் பெட்டியோடு இடது வளைவு எடுப்பதுதான் ஆபத்து. எனக்கு மைதானத்தில் நடந்தது. இருபத்தைந்து கிலோமீட்டர் வேகம்கூட இருக்காது. கண் ஓரத்தில் பெட்டி மெதுவாக மேலே வருவது தெரிந்தது. சத்தமே இல்லை. சக்கரம் தரையை விட்டுவிட்டது. அந்த நொடியில் சைடுகார் மறுபடி பைக்காகிவிடுகிறது, ஆனால் ஒரு பக்கம் 90 கிலோ தொங்கும் பைக். பயந்து ஹேண்டிலை விட்டுவிட்டால் எதிர்த்திசை வண்டிகள் வரும் பக்கம்தான் போய் நிற்போம். ஆக்சிலேட்டரை மெல்லத் தளர்த்தி, ஹேண்டிலை வலப்பக்கம் கொஞ்சம் நேராக்கினால் பெட்டி இறங்கிவிடும். எனக்கு இறங்கியது. மறுநாளே பெட்டியின் தரையில் 25 கிலோ மணல் மூட்டையைக் கட்டிவைத்தேன். அப்பா இல்லாத நாட்களில் இன்றும் அது உள்ளே இருக்கும்.

பெட்டியில் இருப்பவர் உடம்பை நகர்த்துவது எவ்வளவு முக்கியம் என்று பந்தயக்காரர்களைப் பார்த்தால் புரியும். 1949-இல் சைடுகாருக்கு உலகச் சாம்பியன் போட்டி தொடங்கியபோது எரிக் ஆலிவர் பட்டம் வென்றார். அவர் பெட்டியில் தொங்கிக்கொண்டு வந்தவர் டெனிஸ் ஜென்கின்சன். 1955-இல் இத்தாலியின் மிலே மிலியா கார் பந்தயத்தில் ஸ்டிர்லிங் மாஸுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வழி சொன்னவரும் அதே ஜென்கின்சன்தான். பைக் போலவே சாயும் சைடுகாரும் உண்டு. 1923-இல் மேன் தீவில் நடந்த முதல் சைடுகார் டிடி (டூரிஸ்ட் டிராபி) பந்தயத்தை ஃப்ரெடி டிக்சன் வென்றது அப்படி ஒன்றில்தான். என் அப்பா தொங்கவெல்லாம் வேண்டாம். இடது வளைவு வரும்போது கதவுப் பக்கம் சாய்ந்துகொள்கிறார், அவ்வளவுதான். நான் சொல்லிக்கொடுக்கவில்லை, இரண்டாவது பயணத்திலேயே தானாகச் செய்தார். நானும் அதே நேரம் சீட்டில் இடப்பக்கம் நகர்வேன். இரண்டு பேரும் பேசாமல் ஒரே வேலையைச் செய்வோம்.

ஹேண்டில் கனத்தைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். சாதாரண பைக்கின் முன் ஃபோர்க் சாய்ந்து திரும்புவதற்காகச் செய்தது. சாயாத வண்டியில் அதே ஃபோர்க் கல்லைப் புரட்டுகிற மாதிரி இருக்கும். முதல் வருடம் அப்படித்தான் ஓட்டினேன். தோள் வலி தீரவே இல்லை. இரண்டாம் வருடம் லீடிங் லிங்க் ஃபோர்க் போட்டேன், முன்னால் நீட்டிய கைகளில் சக்கர அச்சைத் தாங்குகிற வகை அது. டிரெயில் அளவு, அதாவது ஹேண்டில் திரும்பும் அச்சின் கோடு தரையைத் தொடும் இடத்துக்கும் டயர் தரையைத் தொடும் இடத்துக்கும் உள்ள தூரம், கிட்டத்தட்ட பாதியாகக் குறைந்தது, ஹேண்டில் ஒரு கையில் திரும்புகிறது. இது புதுக் கண்டுபிடிப்பு இல்லை. பிஎம்டபிள்யூ 1955 முதல் 1969 வரை பல பைக்குகளில் போட்ட அதே வகை ஏர்ல்ஸ் ஃபோர்க்கில் இரண்டு பொருத்தும் இடம் வைத்திருந்தது, தனியாக ஓட்ட ஒன்று, சைடுகாருக்கு ஒன்று. அந்த அக்கறையை நினைத்தால் இன்றும் மதிப்பு வருகிறது. காசு குறைவாக இருந்தால் பெட்டியின் பெயின்டில், மெத்தையில் மிச்சம் பிடியுங்கள், இதில் பிடிக்காதீர்கள். ஸ்டீயரிங் டேம்பரும் சேர்த்துப் போட்டால் குறைந்த வேகத்தில் ஹேண்டில் அடிப்பது நின்றுவிடும்.

பிரேக்: சைடுகார் சக்கரத்துக்கும் டிஸ்க் இருக்கிறது, பின் பிரேக் பெடலோடு சேர்ந்து பிடிக்கும். இல்லாத வண்டியில் அழுத்திப் பிடித்தால் வலப்பக்கம் சுழலும். மைலேஜ் லிட்டருக்கு 32 கிலோமீட்டர் கிடைத்தது 22-க்கு வந்துவிட்டது. ஏற்றத்தில் திணறியதால் முன் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் குறைத்தேன், கிளட்ச் பிளேட் ஒரு முறை மாற்றினேன். எழுபதுக்கு மேல் ஓட்டுவதில்லை, ஓட்ட ஆசையும் வரவில்லை.

நெரிசலில் இது கார்தான். இரண்டு பஸ்ஸுக்கு நடுவே புகுந்து போகும் சுதந்திரம் போய்விட்டது. பள்ளமும் அப்படித்தான். பைக்குக்கு ஒரு தடம், காருக்கு இரண்டு தடம், இதற்கும் இரண்டு தடம், ஆனால் முன் சக்கரத்தைத் தப்பவைத்தாலும் பெட்டிச் சக்கரம் போய் விழும். அந்த அதிர்ச்சி எனக்கு இல்லை, அப்பாவுக்கு. அதனால் நான்கு வருடமாக என் கண் சாலையின் இடது ஓரத்திலேயே ஓடுகிறது. ரிவர்ஸ் கியர் கிடையாது. 270 கிலோவுக்கு மேல் இருக்கும் வண்டியைச் சரிவில் பின்னால் தள்ளுவது ஒருத்தியால் ஆகாது. நிறுத்தும்போதே கிளம்பும் வழியை யோசித்து நிறுத்த வேண்டும்.

ரிவர்ஸ் கியர் வேண்டுமென்றால் தொழிற்சாலையிலேயே சைடுகாரோடு பிறக்கும் வண்டிக்குப் போக வேண்டும். யூரல் என்ற பைக் அப்படிப்பட்டது. பிஎம்டபிள்யூ ஆர்71-ஐப் பார்த்துச் செய்த சோவியத் பைக் எம்-72 அதன் மூதாதை. 1941-இல் மாஸ்கோவில் தொடங்கிய வேலை, போர் நெருங்கியதால் அதே வருடம் யூரல் மலைப் பக்கம் இர்பித் நகரத்துக்கு நகர்ந்தது. 2022-இல் வண்டி பூட்டும் வேலை கஜகஸ்தானின் பெட்ரோபாவ்லுக்கு மாறியது. 749 சிசி, எதிரெதிராகக் கிடக்கும் இரண்டு சிலிண்டர், ரிவர்ஸ் கியர். கியர் அப் மாடலில் ஒரு நெம்புகோலைப் போட்டால் சைடுகார் சக்கரமும் சுழலும். சேற்றிலும் பனியிலும் மட்டும்தான் அதைப் போட வேண்டும், நல்ல சாலையில் போட்டால் வண்டி திரும்ப மறுக்கும். ஒரு நண்பரின் வண்டியை அரை நாள் ஓட்டிப் பார்த்தேன். அளவு, சாய்வு, ஃபோர்க் என்று நான் ஒரு வருடம் பட்ட பாடெல்லாம் அதில் முன்கூட்டியே முடிந்திருந்தது. இருக்கும் பைக்கோடு பாசம் இல்லாதவர்களுக்கு அதுதான் நேர்வழி. எனக்கு இந்த பைக்கை விட மனமில்லை, அப்பா தேர்ந்தெடுத்துக் கொடுத்த வண்டி.

உட்காருகிறவர் என்ன சொல்கிறார் என்பதுதான் இந்தப் பொருளுக்கு உண்மையான மதிப்பீடு. அப்பாவின் காது என் இன்ஜினுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஒரு நாள் பெட்டியின் விளிம்பை இரண்டு முறை தட்டினார். நிறுத்து என்பதற்கு எங்கள் அடையாளம் அது. கால் வலியோ என்று பதறி ஓரம் கட்டினேன். "டேப்பெட் அடிக்குதும்மா. உனக்குக் கேக்கலையா?" என்றார். எனக்குக் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து, வால்வைத் தள்ளும் அந்த டேப்பெட்டில் இடைவெளி அளக்கும் தகடான ஃபீலர் கேஜ் வைத்துப் பார்த்தால் எக்ஸாஸ்ட் பக்கம் இடைவெளி கூடியிருந்தது. பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, எந்த நட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவர் அவ்வளவு நேரம் பேசி நான் கேட்டதில்லை.

சிவப்பு விளக்கில் நிற்கும்போது குழந்தைகள் கையசைப்பார்கள். அவர் ஒவ்வொருவருக்கும் திருப்பிக் கையசைப்பார். பெட்ரோல் போட நிறுத்தினால் பதினைந்து நிமிடம் ஆகும், யாராவது வந்து கேட்பார்கள், எல்லாவற்றுக்கும் பதில் சொல்வது அவர்தான். அவசரமாக ஓரிடம் போய்ச் சேர வேண்டியவர்கள் இதை வாங்க வேண்டாம். வளைவில் சாய்ந்து போகும் சுகத்துக்காகவே பைக் ஓட்டுகிறவர்களும் வேண்டாம், அந்தச் சுகம் இதில் துளியும் கிடையாது. எனக்கு இன்னும் அந்த ஏக்கம் இருக்கிறது.

போன மாதத்திலிருந்து பெட்டி குதிக்கிறது என்கிறார். ஷாக் அப்சார்பர் போய்விட்டதோ என்று கழற்றிப் பார்த்தேன், நன்றாகத்தான் இருக்கிறது. மெக்கானிக் அப்பாவை ஏறி உட்காரச் சொல்லி, பெட்டி எவ்வளவு இறங்குகிறது என்று டேப் பிடித்தார். நான்கு வருடத்துக்கு முன்னால் எழுதிவைத்த அளவைவிட 11 மில்லிமீட்டர் குறைவாக இறங்குகிறது. அப்பா அவ்வளவு இளைத்திருக்கிறார். மென்மையான ஸ்பிரிங் ஒன்று சொல்லிவைத்திருக்கிறேன். அது வந்ததும் அவரை உட்கார வைத்துச் சாய்வை மறுபடி அளந்து வைக்க வேண்டும்.